அகழெலியுடன் மூன்று குளிர்காலங்கள்

வீட்டின் பின்புறப் புல்தரையில் ஒரே இரவில் ஏழு மண்மேடுகள் முளைத்திருந்ததைப் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பியபோது, கும்பகோணத்திலிருந்து ஐந்தே நிமிடத்தில் குரல்பதிவாகப் பதில் வந்தது: "இது பெருச்சாளி வேலைதான். கருவாட்டுத் தலையைச் சுட்டுப் பொறியில வையி, ராத்திரியே விழுந்துடும்." காவிரிப் படுகையில் அறுபது ஆண்டுகள் வாழ்ந்த ஒருவர் தரையில் குவிந்த மண்ணைப் பார்த்துச் சொல்லக்கூடிய நியாயமான முடிவு அதுதான். ஆனால் நாங்கள் குடியிருப்பது இங்கிலாந்தில், ரெடிங் நகரத்துக்கு வெளியே, வேலிக்கு அப்பால் மாடுகள் மேயும் ஈரக் களிமண் நிலத்தை ஒட்டிய ஒரு தெருவில். அந்த ஏழு மேடுகளையும் குவித்த பிராணி கருவாட்டை மட்டுமல்ல, தேங்காய்த் துண்டு, ரொட்டி, வேர்க்கடலை என்று எதைப் பொறியில் வைத்தாலும் ஏறிட்டுப் பார்க்காது. ஆங்கிலத்தில் மோல் என்றும் தமிழில் அகழெலி என்றும் சொல்லப்படும் அதைத் தோட்டத்தைவிட்டு வெளியேற்றுவதற்காகப் பணத்தையும் பல ஞாயிற்றுக்கிழமைகளையும் செலவழித்து, மூன்று குளிர்காலங்களில் நான் கற்றுக்கொண்டதை எழுதிவைக்கிறேன்.

அகழெலி என்ற பெயரில் முன்பாதி சரி, பின்பாதி தவறு. அகழ்வதுதான் அதன் பிழைப்பு என்பதில் ஐயமில்லை. ஆங்கிலத்திலும் அதற்கு 'மண்ணை எறிவது' என்று பொருள்படும் மோல்ட்வார்ப் என்ற பழைய பெயர் உண்டு. ஆனால் அது எலி அன்று. எலிக்குரிய கொறிக்கும் பற்கள் அதற்கு இல்லை. கிழங்கையோ தானியத்தையோ அது தின்பதில்லை. உறவுமுறை பார்த்தால் அது மூஞ்சூறுக்குப் பங்காளி, முள்ளெலிக்குத் தூரத்துச் சொந்தம். (முள்ளெலிக்கும் தமிழில் இதே அநியாயம் நடந்திருக்கிறது.) இதை நான் படித்துச் சொன்னபோது என் மனைவி, "அப்போ பிள்ளையார் வாகனத்தோட சொந்தக்காரர்தான் நம்ம வீட்டுக்கு வந்திருக்கார், கொஞ்சம் மரியாதையாப் பேசுங்க" என்றாள். தமிழ்நாட்டில் இந்தச் சொந்தக்காரர் கிடையாது. இந்தியாவில் அதன் குடும்பத்தார் கிழக்கு இமயமலைப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். பிரிட்டன் முழுக்க நிறைந்திருக்கும் அகழெலி, நடுவே ஒரு கடல் மட்டுமே உள்ள அயர்லாந்தில் ஒன்றுகூட இல்லை என்பதை என் ஐரிஷ் நண்பர் ஒவ்வொரு வசந்தத்திலும் எனக்கு நினைவூட்டத் தவறுவதில்லை.

ஊரில் வயல் வரப்பைக் குடையும் கரம்பை எலியும் வளையின் வாயில் மண்ணைக் குவிக்கும். அந்தக் குவியலின் பக்கத்தில் ஒரு வாசல் இருக்கும். வெட்டிக்கொண்டே போனால் நெற்கதிர்களைச் சேர்த்துவைத்த அறை அகப்படும். அறுவடை முடிந்த பிறகு அந்த நெல்லைத் தோண்டி எடுப்பதற்கென்றே ஆட்கள் வருவார்கள். அகழெலியின் மண்மேட்டை வாசல் என்று நினைத்ததுதான் நான் செய்த முதல் பிழை. உள்ளே தோண்டிய மண்ணை வெளியே தள்ளிய இடம் அது, அவ்வளவே. மேட்டை விலக்கிப் பார்த்தால் திறந்த துவாரம்கூடக் கண்ணில் படாது. ஏறக்குறைய செங்குத்தாகக் கீழே இறங்கும், மண் அடைத்த ஒரு குழாய்தான் இருக்கும். நெல்லுக்குப் பதிலாக இதன் களஞ்சியத்தில் இருப்பவை மண்புழுக்கள். தலைப்பக்கத்தைக் கடித்து, சாகவும் விடாமல் ஓடவும் விடாமல், ஒரு குழிக்குள் அவற்றை அடுக்கிவைக்கும். அப்படி நூற்றுக்கணக்கான புழுக்கள் ஒரே குழியில் கிடந்ததைத் தோண்டிப் பார்த்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

சுமார் 15 சென்டிமீட்டர் நீளமும் 100 கிராம் எடையும் கொண்ட இந்தப் பிராணி, நாளொன்றுக்குத் தன் எடையில் ஏறக்குறையப் பாதி அளவுக்குப் புழு தின்கிறது. இரவு பகல் என்று பாராமல், நான்கு மணி நேரம் வேலை, நான்கு மணி நேரம் உறக்கம் என்று ஆலைத் தொழிலாளி போல ஷிப்ட் கணக்கில் நடமாடுகிறது. அதன் சுரங்கமே ஒரு பொறிதான் என்பதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்: பக்கச் சுவர்களிலிருந்து உள்ளே விழும் புழுக்களை, ரோந்து போகும் காவலரைப் போலச் சுற்றிவந்து பொறுக்கிக்கொண்டால் போதும், ஒருமுறை வலைப்பின்னலைத் தோண்டி முடித்துவிட்டால், புதிதாகத் தோண்ட வேண்டிய தேவை மிகவும் குறைந்துவிடும். தோண்டாதபோது மேடும் எழுவதில்லை. புதிய நிலத்துக்குள் நுழையும்போதும், பழைய சுரங்கம் இடிந்து அதைச் சீர்செய்யும்போதும், குளிரில் புழுக்கள் ஆழத்துக்கு இறங்கிவிட அவற்றைத் துரத்திக்கொண்டு கீழே போகும்போதும், வசந்தத்தின் தொடக்கத்தில் ஆண் அகழெலி துணை தேடி நீளமாகக் குடைந்துகொண்டு போகும்போதும்தான் மேடுகள் வரிசை கட்டும். ஆகவே மேடுகள் நின்றுபோனால் பிராணி போய்விட்டது என்று பொருள் கொள்ள முடியாது. கடைகளில் விற்கும் அகழெலி விரட்டிகள் அத்தனைக்கும் நற்பெயர் வாங்கித் தருவது இந்த ஓர் உண்மைதான் என்று இப்போது நினைக்கிறேன்.

என் முதல் குளிர்காலத்து அனுபவம் அதற்குச் சரியான சான்று. தோட்டப் பொருள் கடை ஒன்றில், மண்ணில் செருகும் இரண்டு ஒலிக்கம்புகளை வாங்கிவந்தேன். மின்கலத்தில் இயங்கும் அவை அரை நிமிடத்துக்கு ஒருமுறை மண்ணுக்குள் உறுமும்; அந்த அதிர்வைத் தாங்காமல் அகழெலி ஓடிவிடும் என்று பெட்டியின் மேல் எழுதியிருந்தது. பிப்ரவரியில் செருகினேன், ஏப்ரலில் மேடுகள் நின்றன, இணையத்தில் ஐந்து நட்சத்திரம் கொடுத்துப் பாராட்டும் எழுதினேன். பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒன்று வாங்கச் சொல்லிப் பரிந்துரைத்தேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். நவம்பரில் முதல் மழைக்குப் பிறகு ஒரு காலைப்பொழுதில் பார்த்தால், இரண்டு கம்புகளில் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து நின்றது. அதன் அடியிலிருந்தே ஒரு புது மேடு எழும்பி, கம்பைத் தோளால் இடித்து நகர்த்தியது போல் ஓரங்கட்டியிருந்தது. கம்பு அப்போதும் உறுமிக்கொண்டுதான் இருந்தது. லாரிகள் ஓயாமல் அதிரும் நெடுஞ்சாலைகளின் ஓரப் புல்கரைகளில் வரிசையாக அகழெலி மேடுகள் இருப்பதை எத்தனையோ முறை காரிலிருந்து பார்த்திருந்தும், வாங்குவதற்கு முன் அது என் புத்தியில் உறைக்கவில்லை.

இரண்டாம் குளிர்காலம் கைவைத்தியக் காலம். காலிப் பிளாஸ்டிக் பாட்டில்களைக் கம்பில் கவிழ்த்துக் காற்றில் கடகடக்க விட்டேன். சுரங்கத்துக்குள் பூண்டு நசுக்கிப் போட்டேன். மறுநாள் அது தன் பாதையைப் பூண்டைச் சுற்றித் திருப்பிக்கொண்டது. அகழெலிச்செடி என்றே இங்கே பெயர் பெற்ற ஒரு கள்ளிக் குடும்பத்துச் செடியை நடச் சொன்னார்கள். அதன் பால் பட்டால் நமக்குத்தான் தோல் எரியும் என்று தெரிந்ததால், குழந்தைகள் விளையாடும் இடத்தில் நட மனமில்லை. விளக்கெண்ணெய் ஏற்றிய குருணை ஒன்றும் விற்கிறது. ஆமணக்கை உலகத்திலேயே அதிகம் விளைவிக்கும் நாட்டிலிருந்து வந்தவன், சிறுவயதில் வயிற்றைச் சுத்தம் செய்ய மூக்கைப் பிடித்து அதைக் குடிக்கவைக்கப்பட்டவன், நான்கு கரண்டி எண்ணெய்க்குச் சமமான குருணையை 15 பவுண்டு கொடுத்து வாங்கிப் புல்தரையில் தூவினேன். அமெரிக்காவில் வேறோர் இன அகழெலியிடம் நடந்த சோதனைகளில் ஓரளவு பலன் தெரிந்ததாகச் சொல்வார்கள். என் களிமண்ணில் அதனால் நடந்தது, மேடுகள் புல்தரையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு இடம்பெயர்ந்தது மட்டுமே. மூன்று வாரத்து மழைக்குப் பிறகு இரண்டு பக்கமும் முளைத்தன.

நஞ்சு வைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு காலத்தில் இங்கே ஸ்ட்ரிக்னின் தடவிய மண்புழுக்களைச் சுரங்கத்துக்குள் போடுவதுதான் பண்ணைகளில் வழக்கமாக இருந்தது; கொடூரமான வலிப்பில் சாகவைக்கும் அந்த நஞ்சு 2006-இல் தடை செய்யப்பட்டது. இப்போது மிஞ்சியிருப்பது அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை, நம் ஊர் நெல் கிடங்குகளில் வண்டு அழிக்கப் புகையூட்டுகிறார்களே, அதே பொருள். மண்ணின் ஈரம் பட்டதும் அது பாஸ்பின் வாயுவாக மாறும். பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கியவர்கள் மட்டுமே அதைக் கையாளலாம், அதுவும் குடியிருப்புக் கட்டடங்களை ஒட்டிச் செய்யக் கூடாது. எங்கள் புல்தரையோ சமையலறைக் கதவிலிருந்து ஆறு அடியில் தொடங்குகிறது. மண்புழுக்களைக் கொன்றுவிட்டால் அகழெலி தானே போய்விடும் என்று நினைத்து அதற்கான மருந்து தேடியவர்களும் இருக்கிறார்கள். புல்தரையைக் காப்பாற்றப் புல்தரையின் உயிரையே எடுக்கும் அந்த யோசனையில் எனக்கு ஒருபோதும் மனம் ஒப்பவில்லை. தவிரவும், ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் மக்கிய எருவைப் பரப்பிப் புல்தரையில் மண்புழுவைப் பெருக்கியது நான்தான். விருந்தை நானே சமைத்துவைத்துவிட்டு விருந்தாளி வந்தார் என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் குளிர்காலத்தில் அகழெலி பிடிப்பவர் ஒருவரை அழைத்தேன். எழுபது வயதை எட்டிய, அதிகம் பேசாத மனிதர். பிடிபட்டால் 60 பவுண்டு, பிடிபடாவிட்டால் ஒன்றும் வேண்டாம் என்பது அவருடைய கணக்கு. வந்ததும் அவர் மேடுகளைப் பார்க்கவே இல்லை. வேலியோரமாக நடந்தார், இரண்டு மேடுகளுக்கு நடுவில் நின்று, விரல் தடிமனுள்ள ஓர் இரும்புக் கம்பியை அங்குலம் அங்குலமாகத் தள்ளித் தள்ளி மண்ணில் குத்திப் பார்த்தார். ஐந்தாறு இடங்களில் கம்பி திணறிக்கொண்டே இறங்கியது. ஓர் இடத்தில் நான்கு விரற்கடை ஆழம் போனதும், வெண்ணெயில் இறங்குவது போலச் சட்டென்று வழுக்கி இறங்கியது. "கையை வைத்துப் பாருங்கள்" என்று கம்பியை என்னிடம் கொடுத்தார். அந்தத் தளர்ச்சியைக் கையால் உணர்ந்த பிறகுதான், என் காலடியில் ஒரு தெரு ஓடுகிறது என்பது எனக்கு உண்மையாக உறைத்தது.

புல்லோடு சேர்த்து ஒரு செங்கல் அளவுக்கு மண்ணை வெட்டியெடுத்து ஓரமாக வைத்தார். உள்ளே தெரிந்த சுரங்கத்தின் சுவர்கள், மெழுகிய திண்ணை போல வழவழப்பாக இருந்தன; அடிக்கடி போய்வரும் பாதைக்கு அதுதான் அடையாளம் என்றார். உதிர்ந்த மண்ணை விரலால் வழித்தெடுத்து, தரையை முஷ்டியால் அழுத்திக் கெட்டிப்படுத்தினார். தரை பொலபொலவென்று இருந்தால் அகழெலி பொறிக்கு அடியில் புகுந்து போய்விடுமாம். பொறி என்பது பாதியாகப் பிளந்த குழாயைக் கவிழ்த்தது போன்ற ஒரு தகடு. அதன் இரு முனைகளிலும் வளையக் கம்பிகள், நடுவில் ஒரு நாக்கு. எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் நாக்கை மூக்கால் தள்ளிய கணத்தில் வளையம் மேலே இழுத்து நெரித்துவிடும். பொறியில் இரை எதுவும் கிடையாது; போகிற வழியில் வைப்பதுதான் அதன் சூட்சுமம். இரு கைகளிலும் மண்ணைப் பூசிக்கொண்டு அதை இறக்கிவைத்தார். வெட்டிய புல்கட்டியை மேலே மூடி, விளிம்புகளில் ஒரு கீற்று வெளிச்சம்கூடப் புகாதபடி பொடி மண்ணைத் தூவினார். அகழெலிக்குக் கண் தெரியாது என்பது முழு உண்மையன்று. கடுகு அளவேயான அந்தக் கண்கள் வெளிச்சத்தை அறியும். வெளிச்சமும் காற்றும் உள்ளே வந்தால், அந்த இடத்தை மண்ணால் அடைத்துவிட்டு வேறு வழியில் போய்விடும்.

அவர் குனிந்து நின்ற கோலத்தைப் பார்த்தபோது எனக்கு எங்கள் வயலில் கிட்டி வைத்தவர் நினைவுக்கு வந்தார். தஞ்சாவூர்க் கிட்டி என்பது வில்லாக வளைத்த மூங்கிலும் கயிறும்தான். மாலை வெயில் சாயும் நேரத்தில் தோளில் ஒரு கட்டுக் கிட்டியோடு வந்து, வரப்பில் எலியின் தடத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக நட்டுவிட்டுப் போவார். விடிந்ததும் செத்த எலிகளை எண்ணிக் காட்டித் தலைக்கு இவ்வளவு என்று என் தாத்தாவிடம் வாங்கிக்கொள்வார். இங்கேயும் கணக்குக் காட்டும் முறை அப்படித்தான் இருந்திருக்கிறது. பிடித்த அகழெலிகளை மூக்கில் குத்தி முள்வேலியில் வரிசையாகத் தொங்கவிட்டால், நிலக்காரர் எண்ணிப் பார்த்துக் கூலி தருவார். நாட்டுப்புறத்தில் இன்றும் எப்போதாவது அந்த வேலிகளைக் காணலாம். எங்களுடையவர் அந்த வழக்கத்தைக் கைவிட்டுவிட்டார். நடைக்கு வருபவர்கள் படம் எடுத்துப் போட்டுத் திட்டுகிறார்கள் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை அவர் வந்து புல்கட்டியைத் தூக்கியபோது அது வளையத்தில் கிடந்தது. உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தேன். கறுப்பு என்று நான் நினைத்திருந்த ரோமம், சாய்த்துப் பிடித்தால் வெள்ளி போல் மின்னியது. முன்னே தடவினாலும் பின்னே தடவினாலும் எதிர்ப்பே இல்லாமல் படிந்தது. குறுகிய சுரங்கத்தில் திரும்பாமலே பின்னோக்கி ஓடும் பிராணிக்கு அப்படிப்பட்ட ரோமம் இல்லாவிட்டால் மண்ணில் சிக்கிக்கொள்ளும். காதுமடல் இல்லை. ஈரமான இளஞ்சிவப்பு மூக்கு. கைகள்தான் என்னைக் கலங்கவைத்தன: ரோமமில்லாத, அகன்ற, கோடுகள் ஓடிய இரண்டு உள்ளங்கைகள், நீந்துவதற்குத் தயாராக இருப்பது போல வெளிப்புறம் திரும்பி, உடம்புக்குச் சற்றும் பொருந்தாத அளவுக்குப் பெரிதாக இருந்தன. கட்டைவிரலுக்கு அப்பால் இன்னொரு விரல் போல ஓர் எலும்பு புடைத்திருந்தது. மண்ணை வாரும் பரப்பைக் கூட்டுவதற்காக மணிக்கட்டுப் பக்கத்து எலும்பு அப்படி வளர்ந்திருக்கிறது. 60 பவுண்டை எண்ணிக் கொடுத்துவிட்டு, அன்று மாலை வரை யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இந்தச் சின்னஞ்சிறு பிராணி ஓர் அரசரையே வீழ்த்தியிருக்கிறது என்பது அப்போது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. 1702-இல் மூன்றாம் வில்லியம், ஹாம்ப்டன் கோர்ட் பூங்காவில் சவாரி போனபோது அவருடைய குதிரை அகழெலி மேட்டில் இடறியது; கீழே விழுந்து காறை எலும்பு முறிந்து, அதைத் தொடர்ந்து வந்த நோயில் சில நாட்களில் இறந்துபோனார். அவருடைய எதிரிகளான ஜேக்கபைட்டுகள், "கறுப்பு வெல்வெட் கோட்டு அணிந்த சின்ன கனவானுக்கு" என்று சொல்லிக் கோப்பையை உயர்த்திக் குடித்தார்கள்.

ஏழு வாரம் புல்தரை அமைதியாக இருந்தது. எட்டாம் வாரம் ஆப்பிள் மரத்தடியில் ஒரு மேடு. அகழெலி தனித்து வாழும் பிராணி. பெரும்பாலான தோட்டங்களில் ஒரே சமயத்தில் இருப்பது ஒன்றுதான். ஆனால் அது செத்தாலும் அது தோண்டிய தெருக்கள் சாவதில்லை. பக்கத்து மேய்ச்சல் நிலத்தில் இருந்த இன்னொன்று காலி வீட்டைக் கண்டுபிடித்துக் குடிவந்துவிட்டது. பிடிப்பவருக்குத் தொலைபேசியில் சொன்னபோது, ஆண்டுக்கு இரண்டு முறை வந்து பார்ப்பதற்கு ஒரு தொகை பேசிக்கொள்ளலாம் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன், இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உயிரோடு பிடிக்கும் குழாய்ப்பொறியைச் சிலர் பரிந்துரைத்தார்கள். அடிக்கடி தின்றாக வேண்டிய பிராணியைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்காமல் அதில் அடைத்துவைத்தால் பசியிலேயே செத்துவிடும்; அலுவலகம் போகிற ஒருவர் அந்தப் பொறியை வைப்பதைவிடக் கொல்லும் பொறி மேல்.

நான் செய்தது வேறு. குழந்தைகள் ஓடி விளையாடும் பகுதியில், கால் இடறக் கூடாத இடத்தில் மட்டும், புல்லை உரித்தெடுத்து அடியில் அகழெலி வலை என்று விற்கும் கெட்டியான பிளாஸ்டிக் வலையை விரித்து, மேலே மீண்டும் புல்லைப் பதித்தேன். இரண்டு நாள் இடுப்பொடிந்தது. ஆனால் ஓராண்டாக அந்தப் பகுதியில் ஒரு மேடுகூட எழவில்லை. வலைக்கு அடியில் அது போய்வரலாம், மேலே மண் தள்ள முடியாது. மற்ற இடங்களில் எழும் மேட்டை மிதித்து அமுக்கக் கூடாது என்பதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்: அமுக்கினால் அடியிலுள்ள புல் மூச்சுமுட்டிச் செத்து, அந்த வட்டத்தில் களை முளைக்கும், கவனிக்காமல் புல்வெட்டியை ஓட்டினால் மண்ணிலுள்ள கல் பட்டுத் தகடு மழுங்கும். மழை பெய்து இறுகுவதற்கு முன், மண் பொடியாக இருக்கும்போதே வாளியில் அள்ளிவிட்டு, மிச்சத்தைத் துடைப்பத்தால் பரத்திவிட்டால் பத்து நாளில் தடம் தெரியாது.

அள்ளிய மண் நல்ல மண். களையின் விதைகள் அதிகம் இல்லாமல், சலித்தது போல உதிரியாக இருக்கிறது. நார்தம்பர்லாந்தில் எபியாக்கம் என்ற ரோமானியக் கோட்டை புதைந்த மேய்ச்சல் நிலம் ஒன்று உண்டு. பாதுகாக்கப்பட்ட இடமாதலால் யாரும் அங்கே அகழக் கூடாது, அகழெலிகளுக்கு மட்டும் அந்த ஆணை எட்டவில்லை. அவை வெளியே தள்ளிய மேடுகளை முறையான அனுமதியோடு தன்னார்வலர்கள் சலித்துப் பார்த்தபோது பானை ஓடுகளும் மணிகளும் கிடைத்தன. அதைப் படித்த நாள் முதல் நானும் வாளி மண்ணைச் சல்லடையில் போட்டுத்தான் எடுக்கிறேன். இதுவரை கிடைத்தவை ஒரு துருப்பிடித்த ஆணி, நீலக் கோடு போட்ட பீங்கான் சில்லு, பிறகு சுண்டுவிரல் நீளத்தில், நடுவில் ஊசித்துளையுள்ள ஒரு வெள்ளைக் களிமண் குச்சி. எதிர்வீட்டுப் பெரியவர் அதைப் பார்த்த மாத்திரத்தில் பழைய காலத்துப் புகைக்குழாயின் தண்டு என்றார். இந்த வயல்களில் வேலை செய்த எவரோ உடைத்து எறிந்தது. அது சமையலறை ஜன்னல் விளிம்பில், கறிவேப்பிலைத் தொட்டியின் பக்கத்தில் இருக்கிறது. தொட்டியில் இருப்பதும் அகழெலி மண்தான், பாதிக்குப் பாதி மக்கிய எருவும் கொஞ்சம் மணலும் கலந்தது. இன்று காலை ஆப்பிள் மரத்தடியில் புதிதாக இரண்டு மேடுகள் எழும்பியிருக்கின்றன. பிற்பகலில் மழை என்கிறார்கள், அதற்குள் வாளியோடு இறங்க வேண்டும்.